கரண்ட் இல்லாத ஃபோன்

டேகெட் கப்பலில் சனிக்கிழமை வழிகாட்டி நான்தான். சம்பளம் கிடையாது. இருபது வயதில் இதே கப்பலில் உத்தரவுகளை வாங்கிச் சொல்லும் ஃபோன்காரனாக இருந்தவன் என்பதற்காக ஒரு தொப்பியும், மத்தியானம் ஒரு ஹாட் டாகும் கொடுக்கிறார்கள். பழைய போர்க்கப்பலை ஏரிக்கரையில் கட்டிப்போட்டு, டிக்கெட் விற்று, குழந்தைகளைப் பீரங்கி மேல் ஏற்றிப் படம் பிடிக்க விடுகிறார்கள். பிடித்துவிட்டுப் போகட்டும். எனக்கு எரிச்சல் வருவதெல்லாம், தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களிடம்தான்.

அன்றைக்கு வந்த பத்துப் பேரில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன். ஏணியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"இந்த ஓட்டை டப்பாவுலயா சண்டைக்குப் போனீங்க, பெரியவரே?"

பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கறுப்பு ஃபோனைக் காட்டினேன். பேசுகிறவனின் குரலே அதற்குப் போதும், பாட்டரிகூட வேண்டாம். இன்றைக்கும் கீழறையிலிருந்து பேசினால் மேலே கேட்கும் என்றேன்.

"கரண்ட் இல்லாம ஃபோனா? யாருக்குக் காது குத்தறீங்க? எங்கயோ வயரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"காது குத்தறேனா? அறுபத்தொம்பதுல பின்பக்கத்து பம்ப் அறையில தீப்பிடிச்சுது. கப்பல் முழுக்க இருட்டு. பக்கத்துலயே வெடிமருந்துக் கிடங்கு. அறையோட இரும்பு மூடியை மூடுங்கன்னு கேப்டன் உத்தரவு. உள்ள மாட்டிக்கிட்டவன் இதே ஃபோன்ல இருபத்தாறு நிமிஷம் என்கிட்ட பேசினான். தொறங்கடா, தொறங்கடான்னு கதறினான். இந்தக் காதால கேட்டேன்யா! அப்ப எந்தக் கரண்ட் இருந்துச்சு?"

சிரிப்பு நின்றது. சட்டைக்காரன் தரையைப் பார்த்தான். வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து வயதான பெண்மணி ஒருத்தி முன்னால் வந்தாள்.

"பம்ப் அறையில செத்தது ஒருத்தர்தானே?"

"ஆமாம்மா."

"டெல்மர் ப்ரூட்."

டெல்மர் தன் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்திருந்த படத்தில் இதே முகம்தான். கல்யாண உடையில்.

"நான் வின்னி. அவரோட சம்சாரம். ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கேன், மிஸ்டர் ஹாட்லி. டிக்கெட் கொடுக்கிற பொண்ணு உங்களைக் காட்டிச்சு. சுத்திப் பாத்து முடிச்சதும் உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியது. என் கையெழுத்து. 'கண் இமைக்கும் நேரம்தான். டெல்மருக்கு வலியே தெரிந்திருக்காது.'

"நாப்பத்துமூணு வருஷம் இதைப் படிச்சுட்டுத்தான் தூங்கினேன்" என்றாள்.

சிவப்புச் சட்டைக்காரன் மற்றவர்களை அழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே ஏறிப்போனான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். பாழாய்ப்போன என் வாய்! இதை அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றுவதாக டெல்மருக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

"கடைசியில என்ன சொன்னார்?"

"வேணாம்மா."

"சொல்லுங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"

சொன்னேன். "இருபது நிமிஷம் தொறக்கச் சொல்லிக் கேட்டான். அப்புறம் கேக்கறதை விட்டுட்டான். உங்க பேரைத்தான் சொன்னான். வின்னி, வின்னின்னு, குரல் நிக்கற வரைக்கும். சட்டுனு முடிஞ்சுதுன்னு அவளுக்கு எழுதுடான்னு சொன்னதும் அவன்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆறுதல் சொல்ல உங்களுக்கு நல்லா வருது. அப்பவும் நல்லாத்தான் எழுதினீங்க."

"இது நிஜம்மா!"

"அதுவும் நிஜம்னுதான் நெனச்சேன்."

கடிதத்தை என் கையில் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தாள். முதல் படியில் கால் வைத்தாள். தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"சத்தியமா உங்க பேரைத்தான்மா சொன்னான்!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. டெல்மர் சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். என் பேச்சை அவள் இனி நம்பமாட்டாள்.