குகைக்கு அளவெடுத்தவள்

ஊதுபாறைக் குகைக்குச் சட்டை தைப்பதென்று முடிவானதும், அளவெடுக்க அரூரிலிருந்து பாக்கியவதியை வரவழைத்தார்கள்.

போன தடவை போட்டோவைப் பார்த்தே தைத்துவிட்டார்கள். அக்குளில் இறுக்கிப் பிடித்தது. குகை மூச்சுவிட முடியாமல் திணற, பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நாலே நாளில் பிரித்துவிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஆடிக்காற்று அடித்தால் குகைக்கு நடுக்கம் வந்துவிடும். நடுங்கும்போது கூரையிலிருந்து தேங்காய்ப் பருமனில் கற்கள் உதிரும். இந்த ஆடிக்குள் ஏதாவது செய்யாவிட்டால் வாசலை அடைத்துவிடுவதாகக் குகையைப் பராமரிக்கும் ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

பாக்கியவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக ஒரு சந்துக்கடையில் சுவரைப் பார்த்தபடி பிளவுஸ் தைத்தவள். குகை எதையும் அவள் பார்த்ததில்லை. காலை பஸ்ஸில் வந்து இறங்கி, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வழிகாட்டி சேவியர் டார்ச்சோடு வந்தார். குகையோடு இருபது வருடம் பழகியவர்.

"செருப்பை இங்கயே விட்டுடுங்கம்மா. அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

முதல் கூடத்துக்குள் நுழைந்ததும் பாக்கியவதி தலையைத் தூக்கினாள். தூக்கியது தூக்கியபடியே இருந்தாள். கூரை முழுக்கக் கல் விழுதுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றிருந்தது. ஓரிடத்தில் மேலிருந்து ஒரு கல்லும் கீழிருந்து ஒரு கல்லும் நீண்டுவந்து, நடுவில் விரற்கடை இடம் மட்டும் விட்டிருந்தன.

"இது ரெண்டும் எப்பங்க தொடும்?"

"நம்ம பேரப்பிள்ளைங்களுக்குப் பேரப்பிள்ளைங்க வந்தா பாக்கலாம்."

மார்பளவைக் குகை மூச்சு விட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். சேவியர் பாறையில் உள்ளங்கையை வைத்து, "விடும்மா" என்றார். குளிர்ந்த காற்று அவர்களைக் கடந்து வாசல் பக்கம் போயிற்று. சுவர்கள் இரண்டு முழம் உள்வாங்கின. ஓமலூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த புதுமணத் தம்பதி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்குளில் டேப் பட்டதும் குகைக்குச் சிரிப்பு வந்து, கூரையிலிருந்து நீர் படபடவென்று கொட்டியது. அது அடங்கும்வரை எல்லோரும் தலையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கடைசி அறைக்குக் குனிந்துதான் போக வேண்டும். அங்கே சேவியர் டார்ச்சை மேலே காட்டினார். கூரையிலிருந்து தரைவரை ஒரு கல் திரை தொங்கியது. வெளிச்சம் அதன் வழியாக ஊடுருவி, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பாக்கியவதி அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் நூலளவும் வித்தியாசமில்லை. குண்டூசி குத்திய தடமும் இல்லை. அவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு தைச்சது?"

"தண்ணிதான்."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னும் முடிக்கல."

பிறகு அளவு நோட்டில் எழுதியதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"இதுக்கு மேல நான் துணி போட மாட்டேங்க. வாசலுக்கு மட்டும் ஒரு மஃப்ளர் தைக்கிறேன். கழுத்தை மூடினா பாதிக் குளிர் போயிடும்."

"ஆபீஸ்ல முழுச்சட்டைதான் கேட்டாங்க. மஃப்ளர் தாங்கலைன்னா அடைச்சிடுவாங்கம்மா."

"கேட்டவங்க இந்த ரூமுக்கு வந்திருக்காங்களா?"

சேவியர் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். "இல்ல," என்றார்.

ஒன்பது நாள் கடையை மூடிவைத்துக் கம்பளியில் தைத்தாள். மஃப்ளரைக் கொண்டுவர ஒரு டிராக்டர் தேவைப்பட்டது. வாசலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, ஆட்கள் நுழைய மட்டும் வழி விட்டு முடிச்சுப் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் ஆடிக்காற்று வந்தது. வேப்பமரங்கள் தலைசாய்ந்தன. ஆபீஸ்காரர்கள் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். பாக்கியவதி மட்டும் உள்ளே போய் முதல் கூடத்தின் நடுவே நின்றாள். கையை மார்பில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். காற்று ஒருமணி நேரம் அடித்தது. ஒரு கல்கூட விழவில்லை. கூடம் வெதுவெதுப்பாயிற்று. சொட்டுகள் ஒவ்வொன்றாக, நிதானமாக விழுந்தன. அவளுக்குக் கண் கலங்கியது.

வாசலை அடைக்க வேண்டியதில்லை என்று ஆபீஸ்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பாக்கியவதி உள்ளே திரும்பி, "போயிட்டு வர்றேன்" என்றாள்.

எதிரொலி வெளியே வந்தது. அவள் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தது.

"ரெண்டு டிக்கெட்டா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒண்ணரை போதுங்க," என்றாள் பாக்கியவதி. "சின்னதுதான்."

அதை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.