கை மாறிய வாளி

ஊரை எரியாமல் காத்ததே சந்தனசாமிக்குக் குற்றமாகிப் போனது.

ஜொகூர் பாருவில் ஜப்பானியக் கொடி ஏறிய பின் இரண்டாவது சித்திரைப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்பு நிலைய முற்றத்தில் படையினரை வரிசையாக நிறுத்தி, இடுப்பில் வாளோடு நின்ற ஜப்பானிய அதிகாரி, "இந்த ஆண்டில் நீங்கள் சாதித்தது என்ன?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாலண்டைன் அதைத் தமிழில் சொன்னார். படைக்குத் தலைவரான மண்டோர் சந்தனசாமி குனிந்து வணங்கி, நிமிர்ந்து, பெருமிதத்தோடு பதிலளித்தார்.

"தீ குறைஞ்சு போச்சுங்க. போன வருஷம் ஊரு ஊரா, கம்பம் கம்பமா எரிஞ்சுச்சு. இந்த வருஷம் ஒரு வீடுகூட முழுசா எரியலை."

அதிகாரியின் புருவம் நெரிந்தது. தீயே இல்லாத ஊரில் இத்தனை பேருக்கு அரிசி எதற்கு? பாதிப் பேரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிடலாமே என்றார்.

சயாம் என்றால் என்னவென்று முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டந்தோட்டமாக லாரிகளில் ஏறிப் போனவர்களில் திரும்பி வந்த முகம் ஒன்றையும் எவரும் கண்டதில்லை.

"தீ வராம தடுக்கிறதும் வேலைதானுங்களே," என்றார் சந்தனசாமி.

அதிகாரி சிரித்தார். அப்படியானால் அந்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். தெப்ராவ் சாலையோரக் கம்பத்துக் குடிசைகளின் கடைசியில் பாழடைந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகை ஒன்று நிற்கிறது. இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், தாமே அதற்குத் தீ வைப்பார். அடுத்த கூரைக்கு அது தாவினால் படையில் பாதி சயாமுக்கு.

அவர் தலை மறைந்ததும் லியாக்கத் அலி வாய் திறந்தான். தீயணைப்பு லாரியின் ஓட்டுநர் அவன். பெட்ரோல் முழுவதும் ராணுவத்துக்குப் போய்விட, ஓட்ட வண்டி இல்லாத ஓட்டுநரானவன்.

"அலமாக்! நெருப்பு வைக்கிறவரே நெருப்புக்குப் பதில் கேக்குறாரு! அண்ணே, அந்தக் கைவண்டிப் பம்பை மேட்டுல இழுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள சாம்பல் ஆறிடும் லா."

"நாம போறவரைக்கும் கம்பத்து ஆளுங்க தாக்குப் பிடிச்சாப் போதும்டா."

"பிடிப்பாங்க. கிருஷ்ணம்மா கிணத்தடியிலதான் பிடி விட்டுப் போகும்."

அதுதான் உண்மை. அதுதான் சந்தனசாமியின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஓராண்டாக வாராவாரம் அந்தக் கம்பத்துக்குப் போய் அவர் மக்களைப் பழக்கியிருந்தார். கூரையைப் பிய்த்துத் தள்ளக் கொக்கிக் கம்பு. வாசலுக்கு வாசல் ஆயர் ஈத்தாம் ஊர் மண்தாழியில் தண்ணீர். தெரு முனையில் அடித்து எழுப்பத் தொங்கும் தண்டவாளத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாளி வரிசை. நிறைந்த வாளி கைக்குக் கை போக வேண்டும், வெற்று வாளி கைக்குக் கை திரும்ப வேண்டும். வேதக்காரர் வீட்டுச் செசிலியா, முஸ்லிம் வீட்டுப் பரக்கத் நிஷா, கோயில் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கத் தொடங்கி மாதங்களாகிவிட்டன.

ஆனால் இந்தக் கோடையில் வற்றாத கிணறு ஒன்றே ஒன்று. அது பால்காரக் கிருஷ்ணம்மாவுடையது. அவர் தண்ணீர் தர மறுத்ததில்லை. தந்த விதம்தான் வேறு. தம் வாளியைத் தோளுயரம் தூக்கி, கீழே ஏந்திய பாத்திரத்தில் தொடாமல் ஊற்றுவார். எந்தக் கையும் அவர் வாளியில் படக் கூடாது. பயிற்சிதோறும் வரிசை அங்கே வந்து முட்டி நின்றது.

சந்தனசாமியின் தகப்பனார் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் இரு கை குவித்துக் குனிந்து தண்ணீர் குடித்தவர். ஞானஸ்நானம் அவருக்குப் புதுப் பெயர் தந்தது. அந்தக் குனிவை நிமிர்த்தவில்லை. தீ எந்த வாசலிலும் நின்று குலம் விசாரிப்பதில்லை. தண்ணீரைத்தான் விசாரிக்க வைத்துவிட்டோம்! என்ன கொடுமை இது?

அன்று மாலையே அவர் கிருஷ்ணம்மாவின் மாட்டுக் கொட்டில் முன் போய் நின்றார்.

"மறுபடியும் வந்துட்டியா மண்டோர்? தண்ணி தரமாட்டேன்னா சொன்னேன்?"

"தர்றீங்கம்மா. கையில தந்து கையில வாங்குங்கன்னுதான் கேக்குறேன்."

"எங்க மாமியா காலத்து வழக்கம். உனக்காக மாத்திக்கவா?"

"எனக்காக வேணாம். வரிசை நின்னுச்சுன்னா எங்கள்ல பாதிப் பேரு சயாமுக்குப் போகணும். லியாக்கத்தும் போகலாம்."

கிருஷ்ணம்மாவின் கை பசுவின் முதுகிலேயே நின்றுவிட்டது. "அந்த வாயாடிப் பயலா? தினம் விடியறப்ப பால் வாங்க வந்து தெருவையே சிரிக்க வைக்கிறவனாச்சே. அவன் அங்க போயி என்ன பண்ணுவான்?" என்று முனகினார். பிறகு தவிட்டுக் கூடையோடு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல், வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தபோது, தண்டவாளத் துண்டு அலறியது. கைவண்டி கிளம்பியது. முன்னால் நுகத்தைப் பிடித்த லியாக்கத், "லாரி ஓட்டுனவனை மாடாக்கிட்டாங்களே!" என்று மூச்சிரைக்கக் கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை. மேட்டுக்கு மேலே புகை கறுப்பாய் எழுவதைச் சந்தனசாமி பார்த்தார். அடுத்த கூரையும் பற்றிவிட்டதா? மேரி மாதாவை அழைத்துக்கொண்டே வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார்.

மேடேறித் திரும்பியவர் அப்படியே நின்றார்.

கொட்டகையின் கூரை பிய்த்தெறியப்பட்டுத் தரையில் புகைந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு அத்தாப்பு நனைந்து சொட்டியது. கிணற்றடியிலிருந்து கொட்டகை வரை அறுபடாத வரிசை. அதன் முதல் ஆளாய், புடவையை வரிந்து கட்டி, தலை முதல் கால் வரை நனைந்து, கிருஷ்ணம்மா! அவர் இறைத்த வாளி நேராகச் செசிலியாவின் கைக்குப் போனது. செசிலியாவின் கையிலிருந்து பரக்கத் நிஷாவுக்கு. வெற்று வாளி அதே கைகளின் வழியே திரும்பி வந்தது.

"அடியே, வேகமாப் பிடி! கையில என்ன வெண்ணெயா?" என்று கிருஷ்ணம்மா அதட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வரிசையை மேலும் கீழும் நடந்து பார்த்தார். கிருஷ்ணம்மாவின் முன் நின்று, "உனக்குக் கட்டளையிட்டவர் யார்?" என்று வாலண்டைன் மூலம் கேட்டார்.

"இதோ நிக்குறானே இந்த மண்டோர்தான். வருஷம் பூரா வாசல்ல வந்து நின்னு உயிரை வாங்குறான்!"

வாலண்டைன் இருமிக்கொண்டு, 'தீயணைப்புப் படையின் தலைவர் ஆண்டு முழுவதும் வீடுதோறும் சென்று இடைவிடாது பயிற்சியளித்தார்' என்று ஜப்பானிய மொழியில் பணிவோடு பெயர்த்தார். அதிகாரி நனைந்த கூரையை ஒருமுறை பார்த்தார். தலையை ஒரே ஒருமுறை அசைத்தார். படை முழுதும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி நடந்தார்.

லியாக்கத் அலி நடுத்தெருவில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

சந்தனசாமி கிணற்றடிக்கு வந்தார். "எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"மனசாவது ஒண்ணாவது. கிணத்துல தண்ணி முழங்காலுக்குக் கிடக்கு. மேலேருந்து ஊத்துனா பாதி மண்ணுல போகுது. அந்தப் பக்கம் எரியுது, இந்தப் பக்கம் சேறாகுது. பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" புடவை முந்தானையைப் பிழிந்தபடி, குரலைத் தாழ்த்தி, "அந்த வாயாடி போயிட்டா இந்தத் தெரு விடியாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

கிருஷ்ணம்மா செம்பை முக்கி எடுத்தார். பழக்கத்தில் அது தோளுயரத்துக்கு எழுந்தது. சந்தனசாமியின் கைகளும், தகப்பனாரின் கைகளைப் போலவே, தாமாகக் குவியப் பார்த்தன. அவற்றை அவர் பிரித்துக்கொண்டார். முதுகை வளைக்காமல் நேராக நின்றார். மேலே போன செம்பு ஒரு கணம் தயங்கியது. பிறகு இறங்கி அவர் முன் நீண்டது.

"பிடி. தூக்கி ஊத்தக் கையில வலு இல்ல."

அவர் செம்பை வாங்கினார். நிமிர்ந்து நின்றபடியே குடித்தார். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.