ஜாஸ்மினின் கன்வெர்ஷன்

ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவுக்குக் குறுக்கே பாய்ந்தாள் லூர்துமேரி. பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நந்தனம் கிரவுண்டு. பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும்."

டிரைவர் வெள்ளைச்சாமி கண்ணாடியில் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் நல்ல சேலை. தலையில் முக்காடு அப்படியே இருந்தது. பெசன்ட் நகர் மாதா கோயிலில் பிரசங்கம் இன்னும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்க, இந்த அம்மா பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். விஷயம் பெரிது. மீட்டர், பேரம் எதுவும் பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

விஷயம் பெரிதுதான். முந்தின நாள் சாயங்காலம், ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்று முடித்து லூர்துமேரி வீட்டுக்குள் நுழையும்போது, மகள் ஜாஸ்மின் கொல்லைப்புறத்தில் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். கிசுகிசுக்கிற வயசுதான் என்று லூர்துமேரி நகரப் பார்த்தாள். அப்போது அந்த வார்த்தை காதில் விழுந்தது.

"நாளைக்குக் கன்வெர்ஷன் நான்தானே, வஜீஹாக்கா? பத்து மணிக்கு நந்தனம் கிரவுண்டுல இருப்பேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா கால ஒடிச்சிடும்."

கன்வெர்ஷன். லூர்துமேரிக்கு இங்கிலீஷில் தெரிந்த வார்த்தைகள் குறைவு. ஆனால் இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். வஜீஹா என்பது எந்த மதத்துப் பேர் என்றும் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டாள். புருஷன் மிக்கேலிடம் மூச்சு விடவில்லை. காலையில் மகள் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியபோதும் ஒன்றும் கேட்கவில்லை. பூசையில் போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம்தான் தாக்குப்பிடித்தாள்.

அடையாறு சிக்னலில் வெள்ளைச்சாமி மெதுவாக விசாரித்தார்.

"எம் பொண்ணு கன்வெர்ஷன் ஆவப் போறா," என்றாள்.

"ஆகட்டுமேம்மா. போன வருசம் இந்த வண்டியே ஆச்சு," என்றார் அவர் உற்சாகமாக. "பெட்ரோல்ல இருந்து கேஸு. மொதல்ல கொஞ்சம் இழுக்கும். பழகிட்டா பஞ்சு மாதிரி போகும்."

லூர்துமேரி முறைத்த முறையில் அவருக்குத் தப்பு புரிந்தது. சமாளிப்பதாக நினைத்து, தன் ஊர்ப் பக்கம் மீட்டர் கேஜ் தண்டவாளத்தை அகலப்படுத்திய கதையை எடுத்தார்; அதற்கும் ஜனங்கள் கன்வெர்ஷன் என்றுதான் சொன்னார்களாம், ரயில் மட்டும் மூன்று வருஷம் வரவே இல்லையாம். கண்ணாடியில், அவள் ஜெபமாலையை உருட்டுவது தெரிந்தது. மதம் மாறுகிற சமாச்சாரம் என்று உறைத்ததும் அவர் குரல் தணிந்தது. வயசுப் பிள்ளை, நாலு பேர் முன்னால் கை ஓங்கிவிட வேண்டாம், தனியாகக் கூட்டிப் போய்ப் பேசுங்கள் என்றார். லூர்துமேரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டூர்புரம் பாலத்தில் வண்டி நின்றது. ஏதோ விழிப்புணர்வு ஊர்வலம். ஒரே மாதிரி மஞ்சள் பனியன், பலூன், நடுவில் நாலு நாய்க்குட்டிகள். மணி பத்தைத் தாண்டிவிட்டது. வெள்ளைச்சாமி ஹாரனை அழுத்திப் பிடித்து, ஓரமாக நுழைந்து, ஒரு போலீஸ்காரருக்கு ஒரே மூச்சில் சலாமும் மன்னிப்பும் வைத்துப் பாலத்தைத் தாண்டினார். ஆட்டோ நிற்பதற்கு முன்பே லூர்துமேரி இறங்கி ஓடினாள்.

மைதான வாசலில் சத்துமாவு விளம்பரப் பந்தல். கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன். அட்டையில் கிரீஷ் என்றிருந்தது.

கன்வெர்ஷன் எங்கே நடக்கிறது என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"இங்கதான் ஆன்ட்டி. அதுக்குத்தான் என்னையே போட்டிருக்காங்க," என்றான் அவன் பெருமையாக. பந்தலை வேடிக்கை பார்க்க வருகிறவனை வாங்குகிறவனாக மாற்றுவதுதான் கன்வெர்ஷனாம். காலையிலிருந்து நூறு பேர் எட்டிப் பார்த்ததில் நாலு பேர் மாறியிருக்கிறார்களாம்.

"அதுக்குப் பேரு யாவாரம் நைனா. கூடையில மீனு கெட்டுப்போறதுக்குள்ள நான் தெனம் பண்றேன்," என்று சொல்லி அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே போனவள் நின்றுவிட்டாள்.

பாதிரியும் இல்லை, மௌல்வியும் இல்லை. அரைக்கால் சட்டை போட்ட பெண்கள் முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். பந்தோடு பறந்த ஒருத்தியை இன்னொருத்தி இடுப்பில் பாய்ந்து சாய்த்தாள். விழுந்தவள் மண்ணைத் துப்பிவிட்டு எழுந்து மறுபடி ஓடினாள். ஜாஸ்மின்.

கோட்டுக்கு வெளியே தலையில் துணி சுற்றிய கோச் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். வஜீஹா. ஜாஸ்மினின் அம்மா என்று லூர்துமேரி சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. வீட்டுக்குத் தெரியாமல் விளையாடுகிறாள் என்று தெரிந்தும் சேர்த்துக்கொண்டது தன் தப்புதான் என்றாள். இதற்குப் பெயர் ரக்பி, குப்பத்திலிருந்து வந்ததில் இவளைப்போல் கால் படைத்தவள் யாரும் இல்லை என்றாள்.

"அப்ப கன்வெர்ஷன்?"

"பந்தைக் கொண்டுபோய் எதிராளி கோட்டுக்கு அந்தாண்ட வெச்சா அஞ்சு பாயின்ட்டும்மா. வெச்ச பிறகு ஒரே ஒரு உதை குடுப்பாங்க. கம்பத்துக்கு நடுவுல போச்சுன்னா இன்னும் ரெண்டு. அந்த உதைதான் கன்வெர்ஷன். எங்க டீமுக்கு அத உதைக்கிறது உங்க பொண்ணு."

சொல்லி முடிக்கவும் மைதானம் அலறவும் சரியாக இருந்தது. ஜாஸ்மின் அணிக்காரி ஒருத்தி மூலையில் பந்தை வைத்துவிட்டாள். ஆட்டம் சமம். நேரமும் முடிந்தது. மிச்சமிருந்தது அந்த ஓர் உதை.

ஜாஸ்மின் பந்தோடு ஓரத்துக்கு வந்தாள். நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

கை அப்படியே நின்றது. அரை நிமிஷத்துக்குள் உதைத்தாக வேண்டும். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். உதைக்கும்போது யாரும் சத்தம் போடக்கூடாது என்று வஜீஹா காதோரம் கெஞ்சினாள்.

கடல் இரைச்சலுக்கு மேலே ஏலம் கூறிப் பழகிய தொண்டை அது.

"இன்னாடி என்னப் பாத்துக்கினு? கம்பத்தப் பாத்து ஒதைடி."

ஜாஸ்மின் மூச்சை இழுத்தாள். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டாள். அது தரையைத் தொட்டு எழும்பிய அதே கணத்தில் காலை வீசினாள். என்ன கால் அது. ஓரத்தில் கிளம்பிய பந்து ஆகாயத்தில் வளைந்து, கோணல் பாதையைத் தானே திருத்திக்கொண்டு, இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவில் இறங்கியது. எதிரணிப் பெண்ணொருத்தி கைதட்டினாள். லூர்துமேரிக்குக் கைதட்டத் தோன்றவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கூட்டம் தூக்கிப்போட்டுப் பிடித்த பிறகு மகள் மண்ணும் வேர்வையுமாக வந்து நின்றாள். வஜீஹா நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தாள். ஜாஸ்மினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மதம் மாறப் போறேன்னு நெனச்சியா? அதான் தடுக்க ஓடியாந்தியா?"

லூர்துமேரி முந்தானையால் மகளின் நெற்றி மண்ணைத் துடைத்தாள்.

"தடுக்க வரல."

"பின்ன?"

"எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப எங்க வூட்டுலேந்து ஒருத்தரும் வரல. மொத்தமும் உங்கப்பன் சனம். பூசை முடியிற வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தேன். நீ எந்தச் சாமியக் கும்புட்டாலும், உன் பக்கம் ஒருத்தியாச்சும் நிக்கட்டும்னு வந்தேன்."

ஜாஸ்மினின் சிரிப்பு நின்றது. அம்மாவுக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள்? கைக்குழந்தையாக இருந்தபோதுதானே?

"அம்மா, நீ..."

"எல்லம்மா," என்றாள் லூர்துமேரி. "உங்கப்பன கட்டிக்கிற வரைக்கும் அதான் எம் பேரு."