திருவிருந்துக்கு வாசித்த பாட்டு

தனசிங் ஆர்கனில் இரண்டாவது அடியைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கோயிலில் திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, ஜனங்கள் வரிசையாகப் போய் முழந்தாளிட்டுக்கொண்டிருந்த நேரம். அப்போது யாரும் பாட மாட்டார்கள். ஆர்கன்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கலாம். தனசிங் வாசித்தது சினிமாப் பாட்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இழுத்து இழுத்து, ஏதோ பழைய மிஷனரி காலத்து ராகம் மாதிரி ஆக்கியிருந்தான். முன்வரிசையில் ஞானஜோதி டீச்சர் கண்ணை மூடித் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். சபையில் அத்தனை பேரும் பரிசுத்தமாக உட்கார்ந்திருக்க, அது சினிமாப் பாட்டு என்று தெரிந்த ஒரே பாவி நான்தான் என்று நினைத்தேன். பிறகு பாடகர் குழுவின் பக்கம் பார்த்தேன். என் மனைவி ஜெயசீலியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனசிங்கைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

அந்தப் பாட்டு என்னுடையது. ஊரே முணுமுணுக்கிற பாட்டை ஒருவன் சொந்தம் கொண்டாட முடியுமா என்று கேட்பீர்கள். என்னால் முடியும். அறுபத்தைந்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்று எல்லோரும் தேவ சித்தம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஜெயசீலி என் எதிரில் அழவில்லை, அவள் எதிரில் நானும் அழவில்லை. மறு வாரமே அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் வீட்டுக் குழந்தையையும் அவள் தூக்கிப் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து, போன மாதம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி குரோம்பேட்டை டூரிங் கொட்டகைக்குள் நுழைந்தேன். படம் சுமார்தான். ஆனால் நடுவில் அந்தத் தாலாட்டு வந்தது. முன்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

அப்புறம் மூன்று தடவை போனேன். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன். இத்தனைக்கும் நான் சபைக் கமிட்டி மெம்பர். போன வருஷம் வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் சினிமாக் கொட்டகையில் பிடிபட்டபோது, மூன்று மாதம் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்று முதலில் கை தூக்கினவன். ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் லோகநாதனிடம் சாயங்கால டியூட்டியை மாற்றிக்கொண்டு, வீட்டில் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போவேன்.

“இன்னா வில்பிரட்டு, வாரத்துக்கு ஒரு தபா மாத்திக்கினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?” என்று அவன் கேட்பான். இல்லை என்பேன்.

கோயில் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஜெயசீலியிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “இன்னைக்கு திருவிருந்துக்கு தனசிங் வாசிச்சது நல்லா இருந்துது இல்ல?”

“எதுங்க? நான் கவனிக்கல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அந்தப் பாட்டு அவள் கண்ணைத் துடைக்க வைத்திருக்கிறதென்றால் படத்தைப் பார்த்திருக்கிறாள். யாரோடு? தனசிங்குக்கு இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை, அவள் பள்ளிக்கூடத்திலேயே டிராயிங் மாஸ்டர். வாயைத் திறந்து கேட்டுவிடலாம். ‘அது சினிமாப் பாட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அந்த வாரம் முழுக்க வெந்துகொண்டிருந்தேன். அவள் போட்ட குழம்பில் உப்பில்லை என்றேன், மறுநாள் உப்பு அதிகம் என்றேன். அவன் அவளைத் தொட்டிருப்பானோ என்பதைவிட, என் பிள்ளைக்காக நான் அழுத பாட்டைக் கேட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து இவள் அழுதிருப்பாளோ என்பதுதான் நெஞ்சை அரித்தது.

சனிக்கிழமை மாலை பாடகர் குழுவுக்கு ப்ராக்டிஸ். எனக்கு டியூட்டி. லோகநாதனை உட்கார வைத்துவிட்டு ஆறரை மணிக்குக் கோயிலுக்குப் போனேன். தனசிங் தனியாக ஆர்கனைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“போன வாரம் ஒண்ணு வாசிச்சியே, அது எங்க கத்துக்கிட்ட?”

“ஜெயசீலி அக்கா பாடிக் காட்டினாங்கண்ணா. அவங்க சின்ன வயசுல சொந்த ஊர் நாசரேத்துல பாடுன பழைய கீர்த்தனையாம், வார்த்தை மறந்துடுச்சாம். ராகம் மட்டும் திருவிருந்துக்கு வாசின்னாங்க. அன்னைக்கு உங்க பாப்பா பொறந்த நாளாம். ஏண்ணா, தப்பா வாசிச்சிட்டேனா?”

பிறந்த நாள். எனக்கு அது நினைவில்லை. பாட்டு என்னுடையது என்று இத்தனை நாள் திரிந்தவனுக்குத் தேதி நினைவில்லை.

“அக்கா எங்க?”

“ப்ராக்டிஸ் அஞ்சரைக்கே முடிஞ்சிடுச்சேண்ணா. அக்கா ரயில்வே ஸ்டேஷன் பக்கமாத்தான் போனாங்க.”

குரோம்பேட்டைக்கு மின்சார ரயிலில் பத்து நிமிஷம்கூட ஆகாது. கொட்டகை வாசலில் ‘கடைசி இரண்டு நாள்’ என்று தாள் ஒட்டியிருந்தது. நான் உள்ளே போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் முழங்காலளவு மண்சுவர். அதை ஒட்டி மணலில் உட்கார்ந்து, வெளிச்சமான காட்சி வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் துழாவினேன். மூன்றாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் ஆண் யாரும் இல்லை, இருக்கவும் முடியாது. மூக்குத்தி போட்ட முன்பின் தெரியாத ஒருத்தி அவள் தோளில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். தின்ன வசதியாகத் தன் கைக்குழந்தையை இவள் மடியில் போட்டிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. ஜெயசீலி வாய்விட்டுப் பாடினாள். கோயிலில் பாடுகிற குரல் இல்லை அது. அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்துக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு பாடினாள். அந்தப் பெண் முறுக்கை வைத்துவிட்டு இவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எட்டு வருஷக் கல்யாணத்தில் இந்த முகத்தை எனக்கு ஒரு நாள் காட்டியிருப்பாளா? தனசிங்கோடு பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த முறுக்குக்காரி மேல், அந்தக் குழந்தை மேல், கொட்டகையில் இருந்த அத்தனை பெண்கள் மேலும் பொறாமையாக வந்தது. எனக்கே தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

“யோவ், உக்காருய்யா! மறைக்குது!”

“சாவுகிராக்கி, உன் தலைய பாக்கவா காசு குட்த்து வந்துகீறோம்?”

என் தலையும் தோளும் திரையில் கறுப்பாக விழுந்திருந்தன. பெண்கள் பக்கத்திலும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசீலியும் பார்த்தாள். கண் என் மேல் நின்றது. அவள் பயப்படவில்லை, முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மற்றக் கையின் விரல்களைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அசைத்தாள், வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்வது போல. பிறகு திரைப் பக்கம் திரும்பி, விட்ட அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.

நான் உட்கார்ந்தேன். மண்சுவருக்கு மேலே குழந்தையின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அவள் முழங்கைக்கு வெளியே தொங்கிக்கொண்டு, பாட்டுக்குத் தகுந்தாற்போல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.