சுவரில் ஒன்றும் இல்லை

காணாமல் போனவர்களுக்கான படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காவல் நிலைய எழுத்தர் முதலில் கேட்டது, "யாரோட?" என்றுதான். வயர்மேனுக்குக் கோபம் வரவில்லை. யாரோடாவது போயிருந்தால் தேவலையே என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டார். பெற்றவன் படுகிற ஆசையா இது?

பத்தொன்பது வயது மகள். நேற்றுக் காலை கல்லூரிக்கென்று கிளம்பியவள் அங்கும் போகவில்லை, வீடும் திரும்பவில்லை. அவளுடைய ஃபோன் அணைத்தபடி தலையணைக்கு அடியில் கிடந்தது. "எவனையோ நம்பிப் போயிருப்பா," என்று மச்சினர் வந்ததும் வராததுமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மச்சினர் வாய்க்கு மூடியே செய்யவில்லை.

காரணம் வயர்மேனுக்குத் தெரியும். சொல்லத்தான் நா எழவில்லை.

மூன்று மாதமாக மகள் சுவருக்குள் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு பேச்சு. அப்புறம் அவள் பெயரைச் சொல்லியே பேச்சு. சோறு குறைந்தது, தூக்கம் போனது. டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். சுவர் என்றால் அது என் இலாகா என்று அவர் உளியோடு அறைக்குள் போனார். ஒரு ஞாயிறு முழுக்கக் கொத்தி, பழைய வயரை எல்லாம் உருவி, புதிதாக இழுத்தார். கோளாறு ஒன்றும் கிடைக்கவில்லை.

கோளாறு கிடைக்காதபோது சொல்வதற்கென்று அவர் ஒரு பொய் வைத்திருந்தார். எர்த் சரியில்லை, மாற்றிவிட்டேன் என்றால் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். பாதிப் பேர் மறுபடி கூப்பிடுவதே இல்லை. அதையே மகளிடமும் அவிழ்த்துவிட்டார்.

"இருந்துச்சும்மா. எர்த் கோளாறு. எடுத்துட்டேன்."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துப் பூரித்தும் போனார், முட்டாள் மனுஷன். மறுநாளும் சத்தம் கேட்டபோது அவளுக்கு என்ன மிஞ்சியது? சத்தம் நிஜம், அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார். அதை நிறுத்த அப்பாவாலும் ஆகவில்லை. அதன்பிறகு அவரிடம் அவள் வாயே திறக்கவில்லை. மின்விசிறியை அணைத்தாள், விளக்கை அணைத்தாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

"பொண்ணுக்கு மனசு சரியில்ல சார்," என்று ஆரம்பித்து எழுத்தரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று எழுத்தர் கடிந்துகொண்டு, படிவத்தின் தலையில் அவசரம் என்று எழுதினார். சொல்லச் சொல்லத்தான் வயர்மேனுக்கும் உறைத்தது. கரண்டுக்குப் பயந்தவள் கரண்ட் இல்லாத இடத்தைத்தானே தேடுவாள்? நகருக்கு வெளியே அவர் வேலை செய்யும் நான்கு மாடிக் கட்டடத்துக்கு இன்னும் இணைப்பு வரவில்லை. வழி அவளுக்குத் தெரியும்.

அங்கே இறங்கியதும் அவர் மேலே பார்க்கவில்லை. விழுந்து கிடப்பாளோ என்று கட்டடத்தைச் சுற்றிவந்து தரையைப் பார்த்தார். மணலும் ஜல்லியும்தான் கிடந்தன. அப்படியே உட்கார்ந்து அழுதார்.

இரண்டாம் மாடியில், கதவு வைக்காத ஓர் அறையில், காலிச் சாக்கின்மேல் அவள் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. கையோடு கொண்டுவந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இங்கயும் கேக்குதாம்மா?"

"கேக்குது. இங்கதான் கரண்டே இல்லையேப்பா."

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். சுவர்ல ஒண்ணும் இல்ல. எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல."

அவள் அவரையே பார்த்தாள். "அப்போ எனக்கு மட்டும்தானா?"

"உனக்குக் கேக்குறதை நான் நம்புறேன். அது என்னன்னு எனக்குத் தெரியல. அது தெரிஞ்ச டாக்டர்கிட்ட போவோம். நான் கூடவே இருக்கேன்."

மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு அவள் எழுந்தாள். "அவங்ககிட்டயும் இப்படியே சொல்லுங்கப்பா. தெரியலன்னு."

மனைவிக்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பாதியில் அவள் நின்று காதைச் சாய்த்தாள். அவரும் நின்றார். ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அவளாக அடுத்த படியில் கால் வைக்கும்வரை காத்திருந்தார்.