மிதவைக்காரரின் பதில்

மாலை வகுப்பின் பாட்டு நிகழ்ச்சிக்கு நாள் குறித்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதலாம் என்று விட்டால், எழுதாமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

பகலில் எனக்கு அச்சகத்தில் வேலை. கடைத்தெருக் கோடியில் ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. கடல் நானூறு அடி தூரத்தில் இருந்தாலும் அது ஏறியதா இறங்கியதா என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஊருக்கே அதைச் சொல்வது நாங்கள்தான். எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற அட்டவணையை மாதாமாதம் அடித்துப் படகுக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் கொடுக்கிறோம். அதில் பிழை பார்ப்பது என் பொறுப்பு. பார்த்து முடித்ததும் அந்த மாதத்து ஏற்ற நேரங்களை என் டைரியிலும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொள்வேன்.

"உனக்கு எத்தன கப்பல் ஓடுது?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள். சரியாக எழுதிய ஒரு பக்கமாவது நாளுக்கு இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

வாரத்தில் இரண்டு மாலைகள் பாட்டு வகுப்பு. படகுகளைப் பழுது பார்த்த பழைய கொட்டகையில் நடக்கிறது. கடல் பக்கம் சுவர் கிடையாது. தரை அப்படியே கற்சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். டீச்சர் பகலெல்லாம் மருந்துக் கடையில் சீட்டு படிப்பவர். யாருடைய கையெழுத்தையும் படித்துவிடுவார், யாருடைய சாக்கையும் நம்பமாட்டார். நாங்கள் பதினோரு பேர். எனக்கு வகுப்பில் பெயர் டைரி. அதை வைத்தவர் தையல்காரர். ஊரில் பாதிப் பேருக்கு இடுப்பளவு தெரிந்தவர் என்பதால் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

போன வருடம் பன்னிரண்டாவதாக ஒருவர் இருந்தார். கடலில் கப்பல்களுக்குப் பாதை காட்டும் மிதவைகளில் விளக்கு மாற்றுகிற படகில் அவருக்கு மெக்கானிக் வேலை. மிதவைக்காரர் என்போம். படகு கரையில் நின்ற மூன்று மாதம் வகுப்புக்கு வந்தார். என் பக்கத்தில்தான் நிற்பார். பாட்டுத்தாள் இருவருக்கும் ஒன்றே. தாளை நான் பிடித்திருப்பேன், அவர் அதன் ஓரத்தில் ஒரு விரலால் தாளம் தட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகும் என் கட்டைவிரலில் அந்தத் தட்டல் இருக்கும். இதையும் டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதி, அடித்து, அடித்ததற்கு மேல் மறுபடி எழுதியிருக்கிறேன்.

அந்த மூன்று மாதத்தில் வகுப்பு சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டியது. கரையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் கேள்வி கேட்போம். கடலில் இருந்து ஒரே குரல் பதில் சொல்லும். "எத்தனை விளக்குத் தெரியுது?" என்று நாங்கள் கேட்டால், "ஆறு தெரியுது, ஒண்ணு அவிஞ்சது" என்று வரும். இப்படி நான்கு கேள்வி, நான்கு பதில். பதில்களை எழுதியதும் பாடியதும் அவர்தான். பாட்டை மேடையேற்றும் முன்பே படகுக்குக் கடலில் வேலை வந்தது. அவர் போய்விட்டார்.

இந்த வருடம் அந்தப் பாட்டைப் பாடியே தீர்வது என்று டீச்சர் முடிவு செய்தார். பதிலைத் தையல்காரரிடம் கொடுத்துப் பார்த்தார். பேருந்தில் நிறுத்தம் சொல்வதுபோல் பாடினார் அவர்.

"இறங்குறவங்க இறங்கலாம்" என்றார் டீச்சர்.

அந்த வாரம் மிதவைக்காரர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் இஞ்சின் சத்தம்.

"டைரிதானே? இந்த மாச நடுவுல எங்க படகு தெக்கே போகுதுங்க. ரெண்டு வருஷம் அங்கதான். போறதுக்கு முன்னாடி ஒருநாள் குடிதண்ணி பிடிக்க உள்ள வருவோம். அன்னைக்கே நிகழ்ச்சிய வெச்சா நானும் பாடிட்டுப் போயிடுவேன். கேப்டன் கிட்ட பேசிட்டேன்."

"என்னைக்கு வைக்கணும்?"

"அத நீங்கதான் சொல்லணும். சாயங்காலம் ஏத்தம் இருக்கிற நாளா பாருங்க. வத்தத்துல எங்க படகு மணல்மேட்டத் தாண்டாது."

"கேப்டனே பாத்துச் சொல்லமாட்டாரா?"

"அட்டவணை அடிக்கிறவங்களே நாள் சொல்லும்போது அவரு எதுக்குப் பாக்கணும்?" சிரித்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் சொன்னது எதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் டைரியைத் திறந்து பார்த்தேன். பதினான்காம் தேதி, மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு ஏற்றம். மறுநாள் காலையில் எழுந்து மறுபடி பார்த்தேன். அதே நேரம்தான். அச்சகத்துக்குக் கிளம்பும்முன் விரல் வைத்து மூன்றாவது முறையும் பார்த்தேன். பிறகு நானே நோட்டீஸ் அடித்தேன், நானே பிழை பார்த்தேன், நானே கடைத்தெருவில் ஒட்டினேன். அவருடைய படகுக்கும் செய்தி அனுப்பினேன்.

பதினான்காம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு நாற்காலிகளோடு கொட்டகைக்குப் போனேன். ஏற்றம் நெருங்கும் நேரத்தில் தண்ணீர் கற்சரிவின் பாதிக்கு மேல் நிற்க வேண்டும். சரிவின் கடைசிக் கல்வரை வெறுமையாகக் கிடந்தது. பாசி பிடித்த அடிக்கற்கள் கூட வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் மணல்மேட்டின் மேல் அலைகள் வெள்ளையாக உடைந்தன. அதற்கும் அப்பால் ஒரு படகு நின்றது. மஞ்சள் வண்ணம் அடித்த படகு ஊருக்கே ஒன்றுதான், மிதவைப் படகு.

நாற்காலிகளைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். மேஜைமேல் நீல அட்டை போட்ட இரண்டு டைரிகள். இரண்டும் ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கியவை. ஒன்று இந்த வருடத்தது. இன்னொன்று போன வருடத்தது. போன வருடத்து டைரி எதற்காக மேஜைமேல் இருந்தது என்று எனக்குத் தெரியும். இதே மாதத்தில்தான் அவர் முதன்முதலாக வகுப்புக்கு வந்தார். அந்தப் பக்கங்களைப் பல நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏற்ற நேரத்தை மூன்று முறை சரிபார்த்ததும் அதிலேதான். இந்த வருடம் பதினான்காம் தேதிக்கு மதியம் பன்னிரண்டே காலுக்கு ஏற்றம். மாலை ஆறரைக்கு வற்றம்.

அவருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது வகுப்பு முழுதும் வந்திருந்தது. ஊர்க்காரர்களும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். எந்த டைரியை, எதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டி வந்தது. சொல்லாமல் அந்தத் தவறை விளக்க முடியவில்லை.

டீச்சர் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மருந்துச் சீட்டுல இப்படி பண்ணியிருந்தா ஆளே போயிருப்பாங்க" என்றார். பிறகு திரும்பி, "தையல்காரரே, பதில் உங்களுக்குத்தான்."

"வேணாம் டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவர் பாடுற எடத்த காலியா விடலாம். கேள்விய மட்டும் நாம பாடலாம்."

"பதில் இல்லாத பாட்டா? கேக்கிறவங்க என்ன நெனப்பாங்க, மறந்துட்டோம்னா?"

"நெனச்சுக்கட்டும். நான் மறந்ததா நோட்டீஸ் வேணா அடிச்சு ஒட்டறேன்."

தையல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்ல டீச்சர். ராத்திரி பூரா தூக்கமில்ல, அந்த நாலு வரி திரும்ப எனக்கே வந்துடுமோன்னு."

டீச்சர் கையைத் தட்டி எல்லோரையும் அழைத்தார். "சரி. ஆனா அவரு பாகம் வரும்போது ஒருத்தரும் அசையக் கூடாது. கண்ணு என் கைமேல. யாராவது கடலத் திரும்பிப் பாத்தா அடுத்த வகுப்புக்கு வரவேண்டாம்." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றோம். எதிரே டீச்சர், அவருக்குப் பின்னால் ஊர். "எத்தனை விளக்குத் தெரியுது?" என்று பாடினோம். பிறகு மௌனம். என் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தேன். தாளின் ஓரம் காற்றில் ஆடியது. இரண்டாவது கேள்வியை முடித்து நிறுத்தியபோது, மூச்சை அடக்கிக்கொண்டிருந்த தையல்காரருக்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. கூட்டத்தில் யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீச்சர் கையைக் கீழே போட்டார், காத்திருந்தார், முதலிலிருந்து தொடங்கச் சைகை காட்டினார்.

மறுபடி பாடியபோது ஒன்றைக் கவனித்தேன். டீச்சரின் கைகள் வழக்கத்தைவிட மிக உயரத்தில் இருந்தன. வகுப்பில் மார்பளவுக்கு மேல் போகாத கைகள் அன்று தலைக்கு மேல் வீசின. மௌனம் வரும் இடங்களில் கூட அவர் நிறுத்தவில்லை. எங்களைப் பார்க்காமல், எங்கள் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, இடது கையை நீட்டி யாரையோ உள்ளே அழைத்தார். பழக்கதோஷம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவேண்டும் போல் கழுத்து வலித்தது. திரும்பவில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. "நல்லாத்தான் இருந்துச்சு, நடுநடுவுல ஏன் நின்னீங்க?" என்று அண்ணி கேட்டாள். நான் விடுபட்டுத் திரும்பியபோது மஞ்சள் படகு தெற்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றைய பக்கத்தில் ஏற்ற நேரத்தைச் சரியாக எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். தோளில் பை, கையில் பேருந்துச் சீட்டு. மிதவைப் படகின் சமையல்காரர். எங்கள் ஊர்க்காரர்தான், விடுப்பில் வந்திருந்தார்.

"டைரிங்கறது நீதானாம்மா? உன்னப் பாக்கணும்னுதான் நேரா இங்க வந்தேன். உன் பாட்டால ரெண்டு நாளு கடல் தண்ணியில பாத்திரம் கழுவுனேன். குடிக்கிற தண்ணிக்கே அளவு போட்டுட்டாரு கேப்டன்."

மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"கேப்டன் அட்டவணைப் புத்தகத்தத் திறந்தப்போ மத்தியான ஏத்தம் போயே போச்சு. அடுத்ததுக்கு இருந்தா விடியறதுக்குள்ள தெக்கே போக முடியாது. மெக்கானிக்கு சின்னப் படகாவது எறக்குங்கன்னு கேட்டுப் பாத்தாரு. மணல்மேட்டுல அலை ஒடையிறதக் காட்டிட்டு, பாட்டுக்காக ஒரு ஆளத் தொலைக்க மாட்டேன்னுட்டாரு கேப்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்றது? தூரக்கண்ணாடிய வாங்கிக்கிட்டுப் போயி மேல நின்னுட்டாரு. கரையில ஒரு அம்மா கைய வீசிக்கிட்டே நின்னாங்களே, அவங்களயே பாத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு பாட ஆரம்பிச்சாரு பாரு! வெங்காயம் நறுக்கிட்டிருந்தவன் பயந்துட்டேன். ஒரு வரி பாடுறது, சும்மா நிக்கிறது. மறுபடி ஒரு வரி. எதுக்குய்யா தவணையில பாடுறன்னு கேட்டா, கைய ஆட்டி வாய மூடுங்கறாரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் என் புத்தி அப்படி. என்னைச் சமாதானப்படுத்த யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்றும் அதே நேரத்தில் தோன்றியது.

"கடைசிவரை பாடினாரா?" என்று கேட்டேன்.

"அதாம்மா வேடிக்கை. ரெண்டாவது வரிக்கு வாயத் தொறந்தவரு அப்படியே நிறுத்திட்டாரு. ரொம்ப நேரம் கண்ணாடிய எடுக்கவே இல்ல. அப்புறம் பழையபடி மொதல்ல இருந்து. ஏன்னு எனக்குத் தெரியல. அவருக்கே மறந்துபோச்சு போல."

தையல்காரரின் இருமல் மூன்று நிமிடம் நீடித்தது. அதைப் படகில் யாருக்கும் யாரும் சொல்லியிருக்க முடியாது.

கரையில் இருந்தவர்களுக்குக் கேள்விகள் கேட்டன, படகில் இருந்தவர்களுக்குப் பதில்கள். டீச்சர் இரண்டுக்கும் கை காட்டியிருக்கிறார். நான் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஒண்ணு கேட்டுவரச் சொன்னாரு" என்றார் சமையல்காரர். "லீவு கெடச்சா பஸ்ஸுல வரலாமாம். அவரு பாகத்த அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பீங்களான்னு கேட்டாரு. என்னன்னு சொல்லட்டும்?"

"வெச்சிருப்போம்னு சொல்லுங்க. நாள் மட்டும் அவரையே குறிக்கச் சொல்லுங்க. நான் குறிக்கல."

அவர் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாற்றினார். வாசல்படி இறங்கும்போது தன்னையறியாமல் முணுமுணுத்தார். "ஆறு தெரியுது…"

"அண்ணே" என்று கூப்பிட்டேன். "அத இன்னொரு தடவ பாடுவீங்களா? சத்தமா?"

"நானா? என் குரலுக்குக் காக்காகூட நிக்காதும்மா."

"பரவாயில்ல. அவரு எங்க நிறுத்துனாரோ அங்க நிறுத்துங்க, போதும்."

தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் உள்ளே வந்தார். பையைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கேள்வியை நான் கேட்டால்தான் அவர் தொடங்க முடியும் என்று.

"எத்தனை விளக்குத் தெரியுது?" என்று பாடினேன்.