பின்கதவை மறித்த பியானோ

ஃபைஃப் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தை நடத்த யாரும் முன்வராததால், ரோனா கில்கிறிஸ்ட் கை தூக்கினாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பொறுப்பேற்ற பிறகுதான் சட்டத்தைப் படித்தாள். தீ ஆபத்து எங்கே என்று முன்கூட்டியே பார்ப்பது, அபாய மணியைச் சோதிப்பது, வெளியேறும் வழியை மறிக்காமல் வைப்பது, எல்லாமே கூடத்தை நடத்துகிறவரின் கடமையாம். ஏதாவது ஆனால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முன்வாசல் சமையலறையை ஒட்டி இருந்தது. பின்கதவை, சனிக்கிழமை நடனத்துக்கு மர்டோ வாசிக்கும் பியானோ மறித்துக்கொண்டிருந்தது.

"நகர்த்தினா குளிர்காத்து உள்ள வரும் ரோனா. என் முட்டி என்னாகுறது?" என்றார் மர்டோ.

"முட்டிக்குக் கம்பளியைப் போத்திக்கோங்க."

"இத்தனை வருஷமா இங்கதான இருக்கு? ஒரு தீக்குச்சிகூட எரியல!"

"எரியிற அன்னைக்கு நகர்த்த ஆள் தேடச் சொல்றீங்களா?"

"பஸ் ஓட்டுனப்பவும் இதே கெடுபிடிதான்," என்று எங்களிடம் முணுமுணுத்தார்.

நாங்கள் நாலு பேர் பியானோவை ஜன்னலோரம் தள்ளினோம். மர்டோ அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ரோனாவுக்கு அது வலித்தது. ஆனாலும் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, திறந்து மூடிப் பார்ப்பதை அவள் விடவில்லை.

வசந்தத்தில் ஒரு பிற்பகல், ஒருவர் எண்ணைக் கூவ மற்றவர்கள் அட்டையில் குறிக்கும் பிங்கோ ஆடிக்கொண்டிருந்தோம். சமையலறையில் தேநீர்ப் பாத்திரத்தின் மின்கம்பி தீப்பிடித்தது. மணி அலறியது. முன்வாசல் பக்கம் கரும்புகை.

"பின்கதவு வழியா போங்க! கோட்டு, பை எதையும் எடுக்காதீங்க!" என்றாள் ரோனா.

சக்கர நாற்காலியில் இருந்த பெஸ்ஸியை மர்டோதான் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"மெதுவாய்யா! நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று கத்தினாள் பெஸ்ஸி. பிங்கோ அட்டை அவள் கையிலேயே இருந்தது.

எல்லோரும் கடற்சுவரோரம் நின்றோம். ரோனா தலைகளை எண்ணினாள். மர்டோ மட்டும் கதவை நோக்கித் திரும்பினார்.

"எங்க போறீங்க?"

"என் தொப்பி..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"தொப்பி போனா வேற வாங்கலாம். நீங்க போனா சனிக்கிழமை எங்களை யாரு ஆட வைப்பா?"

அவர் நின்றார். "அதுவும் சரிதான், ரோனா," என்றார். மாதக்கணக்கில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

தீயணைப்பு வீரர்கள் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். சமையலறைச் சுவர் கருகியது, வேறொன்றும் ஆகவில்லை. எதிர்க்கடைக்காரர் வினிகர் தெளித்த சூடான சிப்ஸ் கொண்டுவந்தார். வீரர்கள் அட்டைகளையும் எண் பையையும் உள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். அட்டைகள் பறக்காமல் கூழாங்கல் வைத்து, சுவர்மேல் ஆட்டத்தைத் தொடர்ந்தோம். ரோனா எங்கள் நடுவே உட்கார்ந்து, விரலில் ஒட்டிய உப்பை நக்கியபடி, அடுத்த எண்ணை உரக்கக் கூவினாள்.